மஹ்மூதா அக்காவும் பால்கனி ரூமும்

மஹ்மூதா அக்காவுக்குக் கப்பலில் எந்த ரூம் போடுவது என்று கேட்டு அவருடைய மகன் மாஹிர் ஒரே வாரத்தில் மூன்று தடவை என் ஆபிஸுக்கு வந்துவிட்டான். பால்கனி வைத்த ரூமா, ஜன்னலே இல்லாத உள் ரூமா? இதற்கெல்லாம் இவ்வளவு யோசனை தேவையில்லை என்பது என் கட்சி. சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில் சின்னதாக ஒரு டூர் ஆபிஸ் வைத்துப் பல வருடமாகக் கப்பல் டிக்கெட் விற்கிறேன். நம் ஆட்கள் கப்பலுக்குப் போவதே சாப்பிடத்தான். காலைச் சாப்பாடு, அதற்கும் மத்தியானத்துக்கும் நடுவில் ஒரு சாப்பாடு, சாயங்காலம் டீ, கேக் என்று சாப்பாட்டு ஹாலிலேயே குடியிருந்துவிட்டு, ரூமுக்குத் தூங்க மட்டும் வருவார்கள். தூங்குகிறவருக்குப் பால்கனி எதற்கு? அதனால் கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். புருஷனும் பெண்டாட்டியும் என் மேசைக்கு முன்னாலேயே சண்டை போட்டால் மட்டும் பால்கனி எடுங்கள் என்பேன். ஒருவராவது வெளியே போய் நிற்க இடம் வேண்டும்.

மாஹிரிடமும் அப்படித்தான் சொன்னேன். "நீயும் ஃபரீஹாவும் பிள்ளையும் ஒரு ரூம், ஒன் தங்கச்சி ஷிரீனும் மாப்பிள்ளையும் ஒரு ரூம். அம்மா தனியாத்தான படுக்கப் போறாங்க? உள் ரூமே போதும். பினாங்குல எறங்கி நல்லாச் சாப்பிடுங்க."

"இல்லக்கா. அம்மாவுக்குக் காத்து வெளிச்சம் வேணும்லா. வீட்டுக்குள்ளயே இருந்து இருந்து என்னமோ மாதிரி ஆயிட்டாங்க. பால்கனி இருந்தா கடலப் பாத்துக்கிட்டாவது இருப்பாங்க."

"அப்ப பால்கனியே போட்டுருவோம். முடிஞ்சுது."

"அம்மா வேணாங்கிறாங்கக்கா. ஜன்னல் இல்லாததுதான் வேணுமாம். அதக் கேட்டா எனக்கு பயமா இருக்கு. நீங்க ஒரு தடவ வீட்டுக்கு வந்து பேசிப் பாருங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் சொல்லி யாரும் எதையும் கேட்டதில்லை. இருந்தாலும் போனேன். மஹ்மூதா அக்காவுக்காகத்தான் போனேன்.

அவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்லாவில் வைத்துத்தான். என் ஆபிஸுக்கு இரண்டு கடை தள்ளி அவர்களுடைய சாப்பாட்டுக் கடை. புருஷன் லியாக்கத் அலி டீ போடுவார், பேசுவார், பேசிக்கொண்டே டீ ஆற்றுவார். அக்கா கல்லாவில் இருந்து காசு வாங்குவார். தட்டைப் பார்த்தாலே போதும், என்ன சாப்பிட்டோம், எவ்வளவு என்று வாயிலிருந்து வந்துவிடும். நான் சிலோன்காரர் வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் எல்லோரும் கவர்மென்ட் வேலை பார்த்தவர்கள், கடைக்காரர்களைக் கொஞ்சம் எட்ட வைத்தே பார்த்தவர்கள். மதியச் சாப்பாட்டை நான் தினமும் அந்தக் கடையில்தான் தின்கிறேன் என்று தெரிந்திருந்தால் என் அப்பா வருத்தப்பட்டிருப்பார். மீன் குழம்பை ஒரு வாய் போட்டுப் பார்த்திருந்தால் வருத்தம் போயிருக்கும்.

அக்கா பொந்தியானில் பிறந்தவர். அவருடைய அத்தா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். கொஞ்சம் நடந்தால் கடல். ஆனால் கடை வீட்டுப் பெண்ணுக்குக் கடல் என்பது ஒரு திசை, அவ்வளவுதான். கல்யாணம் ஆகி வந்த வாரமே மாமனார் கடையில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவர், பிறகு கல்லாவுக்கு வந்தார். இரண்டு பிள்ளைகளையும் அங்கிருந்தபடியேதான் வளர்த்தார். கடையை இரண்டு பெருநாளைக்கும் சாத்துவார்கள். மற்ற நாளில் சாத்த மாட்டார்கள். "நாளைக்குக் கடையச் சாத்திட்டு எங்கயாச்சும் போலாம் மஹ்மூதா" என்று லியாக்கத் அலி வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். அந்த நாள் வரவே இல்லை. ஒரு சாயங்காலம் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே கீழே விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அக்கா இத்தா இருந்தார். புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் வீட்டிலேயே இருப்பது. அது மார்க்கம் சொல்வது. அதற்கு மேலே லியாக்கத் அலியின் அக்கா, கூலாய் ஊரிலிருந்து வந்ததால் எங்களுக்கெல்லாம் கூலாய் மாமி, தன் பங்குக்குச் சிலதைச் சேர்த்தார். மேல் மாடி பால்கனிக் கதவைத் திறக்கக் கூடாது, எதிர் வீட்டு ஆம்பளைகள் கண்ணில் படும். திரைச்சீலையை இழுத்தே விட வேண்டும். நான் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். வெள்ளைப் புடவையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டியா என்று என்னைக் கேட்டார். அவர் அழவில்லை. துக்கம் கேட்க வந்த ஒரு பெண்மணி படியில் இறங்கும்போது, "கல்நெஞ்சுக்காரி, ஒரு சொட்டு வரலயே" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பெண்மணியைப் படியில் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது.

இப்போது இத்தா முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாஹிர் சொன்னானே என்று நான் போனபோது அதே ரூம், அதே வெள்ளைப் புடவை, அதே திரைச்சீலை. வெளியே பட்டப் பகல், உள்ளே லைட் எரிந்துகொண்டிருந்தது. மருமகள் ஃபரீஹா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்களாச்சும் சொல்லுங்கக்கா, கேட் வரைக்கும்கூட வர மாட்டேங்கிறாங்க" என்று சொல்லிக் கீழே போனாள்.

நான் வேலையை ஆரம்பித்தேன். "அக்கா, ஜன்னல் இல்லாத ரூம் கேட்டீங்களாமே."

"ஆமா. முழுசா சுவராவா இருக்கும்?"

"முழுசா."

"லைட்ட அணைச்சா?"

"கும்மிருட்டு. பகலா ராத்திரியான்னே தெரியாது."

"அது நல்லாருக்கும்" என்றார்.

துணிக்கடையில் பத்து ஜாக்கெட் துணி பார்த்துச் சலித்துப்போய், கடைசியில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்வார்களே, அந்தக் குரல். எனக்குக் கோபம் வந்தது. வழக்கமாக உள் ரூம் வேண்டும் என்று சொல்கிறவர்களை நான் மெச்சிக்கொள்வேன். அன்றைக்கு அந்த ரூமை மட்டும் இவருக்கு விற்கவே கூடாது என்று தோன்றியது. போகிற கப்பலிலும் இவர் இதே ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளப் போகிறார். திரும்பி வந்தும் இதே ரூம். அப்புறம் வெளியே வரவே மாட்டார்.

"அக்கா, இத்தா முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு? இன்னும் ஏன் இப்படி அடஞ்சு கெடக்குறீங்க?"

"முடிஞ்சிருச்சு" என்றார். பிறகு, மறந்த ஒன்றைச் சாதாரணமாகச் சொல்வது போல, "ஆனா என்ன யாரும் வெளிய கூட்டிட்டுப் போகலயே சுபா."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை, நாள் கழிந்தால் முடிந்தது. ஆனால் அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். கடைசி நாளன்று புருஷனின் அக்காவோ தங்கச்சியோ கலர் புடவை எடுத்துக்கொண்டு வருவார். தலைக்குக் குளிக்க வைத்து, புடவையைக் கட்டிவிட்டு, கையைப் பிடித்து வாசலைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு வீட்டுக்குப் போய் இனிப்பாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இவருடைய மாமியாரையும் அப்படித்தான் கூட்டிப் போனார்களாம்.

"கூலாய் மதினி வருவாங்கன்னு காலைலயே எந்திரிச்சு உக்காந்திருந்தேன். வரல. முட்டி ஆபரேஷன் பண்ணியிருந்தாங்க, முடியலபோல. சரி, ஷிரீன் வருவான்னு பாத்தேன். அவளும் வரல. ஃபரீஹா வேலைக்குப் போயிட்டா. மாஹிர் வந்து, 'இன்னியோட முடிஞ்சுதும்மா'ன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டான். மறுநாளும் பாத்தேன்."

"நீங்க கேக்க வேண்டியதுதான அக்கா?"

"இதெல்லாம் கேட்டு வாங்குற விஷயமா? மொத வாரம் கோவம் வந்துச்சு. அப்புறம் அதுவும் வரல. இப்ப இதுவே பழகிருச்சு. வெளிய போயும் என்ன பண்றது? கல்லாவுக்கு ஆளே வேணாமாம். போன வெச்சு ஸ்கேன் பண்ணிட்டுப் போயிட்டே இருக்காங்களாம். மாஹிர் சொன்னான்."

டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அவரு விழுந்தப்ப ஒரு மலாய்க்காரரு காசு குடுத்துட்டு நின்னாரு. சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தேன், அவரு கீழ கெடக்குறாரு. நான் அந்த ஆளுக்கு மிச்சக் காச எண்ணிக் குடுத்துட்டுத்தான் எந்திரிச்சேன். ஏன் அப்படிப் பண்ணேன்னு தெரியல. கை தானா எண்ணுது. அன்னிக்கி மரத்துப்போனதுதான், இன்னும் அப்படியே இருக்கு. வலிச்சாக்கூட நல்லாருக்கும்னு தோணுது சுபா. வலிக்கல."

நான் கப்பல் டிக்கெட் விற்கிறவள். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்றிருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு கீழே வந்தேன்.

கீழே ஃபரீஹாவிடம் கேட்டேன். "கூலாய் மாமி வந்து கூட்டிட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்கா. நான் வேலைக்குப் போயிட்டு வந்தப்ப அம்மா ரூம்ல இருந்தாங்க, போயிட்டு வந்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள். சிங்கப்பூரில் இருக்கும் ஷிரீனுக்குப் போன் போட்டேன். அண்ணி செய்திருப்பார் என்று அவள் நினைத்திருக்கிறாள். கடைக்குப் போய் மாஹிரைப் பிடித்தேன். "அது பொம்பளைங்க விஷயம்லா அக்கா, எனக்கென்ன தெரியும்?" என்றான். பாவம், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அம்மாவை எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும் என்று கப்பலே பிடித்தவன். வாசல் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. யார் மேலும் தப்பில்லாத வீட்டில் ஒரு மனுஷி ஒரு மாதத்துக்கு மேலாக வெள்ளைப் புடவையோடு காத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரமாக வந்தது.

அடுத்த போன் கூலாய்க்கு. மாமி எடுத்ததுமே முட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் நடுவில் புகுந்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஷிரீன் இருக்காளே, அவ பாத்துக்குவான்னு இருந்துட்டேன்மா" என்றார். "அல்லாவே. எந்தம்பி பொண்டாட்டிய இப்படி விட்டுட்டோமே."

"நீங்க இப்ப நடப்பீங்களா மாமி?"

"காலு கெடக்குது. சனிக்கிழம வர்றேன்."

சனிக்கிழமை காலை என் ஆபிஸில் கூட்டம் இல்லை. கதவு திறந்தது. முதலில் ஒரு ஊன்றுகோல் வந்தது, பின்னால் கூலாய் மாமி வந்தார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு மஹ்மூதா அக்கா வந்தார். கிளிப்பச்சைப் புடவை. ஈரத் தலைக்கு மேலே முக்காடு. யார் யாரைத் தாங்கிக்கொண்டு வருகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

"மொதல்ல ஷிரீன் வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்னேன்" என்றார் மாமி மூச்சு வாங்கியபடி. "சிங்கப்பூர்ப் பாலத்துல ஜாம். எப்ப போய்ச் சேர்றது? எங்க போலாம்னு கேட்டேன். சுபா ஆபிஸுக்குப் போலாங்கிறா." வழக்கத்தில் ஒரு டூர் ஆபிஸை எங்கே சேர்ப்பது என்று மாமிக்கு இன்னும் பிடிபடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

இனிப்புக்கு நான் எங்கே போவேன்? எதிர்க் கடை மலாய்க்கார அம்மாவிடம் ஓடிப்போய் குவே லாப்பிஸ் வாங்கிவந்தேன். ரோஸும் வெள்ளையுமாக அடுக்கடுக்காக இருக்கும் பலகாரம். மாமி அதில் ஒரு துண்டை எடுத்து பிஸ்மி சொல்லி அக்கா வாயில் வைத்தார். அக்கா மென்றார், விழுங்கினார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், அதில் ஏதோ நடக்கப்போகிறது என்பது போல.

"வெளிய வந்தா என்னமோ ஆகும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார் அக்கா. "ரோட்டத் தாண்டி வந்தோம். வெயிலு அடிச்சுது. ஒண்ணும் ஆகல மதினி."

மாமி என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். "ரூமப் பாக்குறீங்களா அக்கா?" என்றேன்.

முதலில் உள் ரூமைக் காட்டினேன். கட்டில், சுவர், சுவரில் ஒரு படம். "நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்றார். அதை நல்லதாகச் சொல்கிறாரா கெட்டதாகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் கேட்ட ரூம் அதுதான், என் விரலும் பட்டன் மேல்தான் இருந்தது. ஆனாலும் மாஹிருக்காக இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம் என்று பால்கனி ரூமைத் திறந்தேன். கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே கம்பி, கம்பிக்கு அப்பால் கடல்.

"இங்க என்ன பண்ணுவாங்க?"

"கடலப் பாப்பாங்க அக்கா."

"பாத்துட்டு?"

"பாத்துக்கிட்டே இருப்பாங்க. வேற ஒண்ணும் இல்ல." அதற்கு மேல் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உண்மையச் சொன்னா நான் யாரையும் இத எடுக்கச் சொல்றதில்ல. குடுக்குற காசுக்கு ஒண்ணும் பெருசா இல்ல. மாஹிர் ஆசப்படுறான், அதான் காட்டுறேன்."

"ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா இருந்தாப் போதுமா?"

"போதும்."

அவர் முன்னால் குனிந்து திரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கடலைப் பார்க்கவில்லை. விரலைத் திரையில் வைத்துக் காட்டினார்.

"ரெண்டு நாற்காலி போட்டிருக்காங்க."

"ஆமாக்கா, எல்லாப் பால்கனியிலயும் ரெண்டுதான்."

விரலை அவர் எடுக்கவில்லை. "ஒண்ண எடுத்துறச் சொல்ல முடியுமா?"

ஊன்றுகோல் நழுவித் தரையில் விழுந்தது. மாமி அதை எடுக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கேட்டுப் பாக்குறேன்" என்றேன்.

"கேட்டுப் பாக்குறது வேணாம். எடுத்துட்டாங்கன்னா இந்த ரூம். எடுக்கலன்னா ஜன்னல் இல்லாதது. ரெண்டு நாற்காலியப் போட்டு வெச்சு என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது சுபா." குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அவரும் அதைக் கவனித்திருப்பார் போல, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டேன். பிறந்தநாள் கேக் கேட்டிருக்கிறேன், குழந்தைத் தொட்டில் கேட்டிருக்கிறேன், மூன்றாவது தலையணை கேட்டிருக்கிறேன். இதை யாருக்காகவும் கேட்டதில்லை. அந்தப் பக்கத்துப் பெண் முதலில் சக்கர நாற்காலிக்கு இடம் வேண்டுமா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏதோ தட்டினாள், யாரிடமோ கேட்டாள், எடுத்துவிடலாம் என்றாள். பிறகு குறித்துக்கொள்வதற்காக ஒரு தடவை சரிபார்த்தாள்: ஒன்று மட்டும் இருந்தால் போதும்தானே?

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் கேட்டேன்.

"போதும்" என்றார் மஹ்மூதா அக்கா. "நான் ஒருத்திதான."